பார்சலில் ஏழு மீன் வந்தால் தொட்டியில் எத்தனை விடுவது?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கடி நீளத் தொட்டி, ஏறக்குறைய 200 லிட்டர் கடல்நீர் என்றால் முதல் முறை இரண்டு சிறிய மீன்கள் மட்டும். அதன் பிறகு ஒவ்வொன்றாக, மூன்று நான்கு வார இடைவெளியில். மொத்தம் நான்கு மீன்கள் ஆனதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வேறு. சென்ற ஆண்டு சித்திரையில், காலை ஆறரை மணிக்கு நாகர்கோவில் ரயில் நிலையத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளே ஏழு மீன்கள்: ஒரு ஜோடி கோமாளி மீன், மூன்று பச்சைக் குரோமிஸ், ஒரு மஞ்சள்வால் டாம்செல், ஒரு பவுடர் புளூ டாங். ஏன் ஏழு என்றால், சென்னையிலிருந்து பெட்டி வந்து சேர 650 ரூபாய். இரண்டு மீன் வாங்கினாலும் அதே தொகைதான், ஏழு வாங்கினாலும் அதேதான். "வருகிற செலவு ஒன்றுதானே, சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஏழையும் அன்றே விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் குரோமிஸ் மூன்றும் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆறாம் நாள் டாங்கின் விலாவில் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். பதினோராம் நாள் எஞ்சியவை ஒரு கோமாளியும் டாம்செலும். போனது 4,150 ரூபாய் மதிப்புள்ள ஐந்து உயிர்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்த 650 ரூபாய்க் கணக்கில்தான் சறுக்குகிறார்கள். கடை தொலைவில் இருப்பதால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் வரவழைத்துவிடத் தோன்றுகிறது. பார்சல் செலவையும் மிச்சப்படுத்தி மீனையும் காப்பாற்ற வழி இருக்கிறது. அதற்கு இந்த வரிசையில் போக வேண்டும்.

1. தொட்டியில் உண்மையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பாருங்கள்

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 255 லிட்டர் வரும். மேல்விளிம்பில் விடும் இடைவெளி, கல், மணல் எல்லாம் போக மிஞ்சுவது 200 லிட்டர்தான். கடையில் சொல்லும் கொள்ளளவை வைத்து மீன் கணக்குப் போடாதீர்கள்.

புதியவர்களுக்குப் பயன்படும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: 20 லிட்டருக்கு 2.5 சென்டிமீட்டர் மீன். வாங்கும்போது இருக்கும் நீளத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது, முழுதாக வளர்ந்த பிறகு வரும் நீளத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 200 லிட்டருக்கு 25 சென்டிமீட்டர். கோமாளி ஜோடிக்குச் சுமார் 14, ஓர் உளுவைக்கு (கோபி) 6, இன்னொரு சிறு மீனுக்கு 5 அல்லது 6. கணக்கு முடிந்தது. நான் வாங்கிய டாங் வளர்ந்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். அந்த ஒரு மீனே என் தொட்டி முழுவதையும் கேட்டிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் குட்டியாகக் கடையில் பார்க்கும்போது இது யாருக்கும் தோன்றுவதில்லை.

2. நீரும் மணலும்: கடல் பக்கத்தில் இருப்பதால் வரும் தவறுகள்

நமக்குக் கடல் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. உப்புப் பொடி வாங்கிக் கலக்காமல் கடல்நீரையே கொண்டுவரலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் எங்கே மொள்கிறோம், எப்போது மொள்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். குளச்சல், சின்னமுட்டம் போன்ற மீன்பிடித் துறைமுகங்களுக்குள் வேண்டாம், டீசல் படலம் மிதக்கும். பழையாறு கலக்கும் மணக்குடிப் பக்கமும், குழித்துறைத் தாமிரபரணி கலக்கும் தேங்காய்ப்பட்டணப் பக்கமும் வேண்டாம், மழைக்குப் பிறகு உப்பு பாதியாகக்கூட இறங்கிவிடும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே ஆண்டில் பல மாதங்கள் கரையோர நீர் கலங்கலாகவே இருக்கும். முட்டத்தில் ஒரு பெரியவர் என் கையிலிருந்த கேனைப் பார்த்துவிட்டு, "ஆனி ஆடியில் கரைத் தண்ணீர் மொள்ளாதே மக்களே, கலங்கல் அடங்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு மாசி, பங்குனியில் தெளிந்த நாளாகப் பார்த்து 20 லிட்டர் கேன்களில் நிரப்பி, மூடி, இருட்டறையில் இரண்டு வாரம் வைத்துத்தான் பயன்படுத்துகிறேன். கள்ளக்கடல், அதாவது காற்றே இல்லாமல் திடீரென எழும் பேரலை, பற்றிய எச்சரிக்கை இருக்கும் நாளில் பாறைப் பக்கம் போகவே போகாதீர்கள்.

நீரின் உப்பளவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க வேண்டாம். நான் 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1.023 முதல் 1.026 வரை இருந்தால் சரி. ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாகக் கடல்நீரை ஊற்றக் கூடாது, ஆர்.ஓ. நீரை ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை, நீர் மட்டும்தான் போகிறது.

கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வராதீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் கரை கருத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்த கனிம மணல் அது. தொட்டிக்கென்று விற்கும் அரகோனைட் மணலை வாங்குங்கள், அல்லது மணலே இல்லாமல் வெறும் கண்ணாடித் தரையாக விடுங்கள்.

பவளக் கல்லும் வேண்டாம். கடலில் கிடந்ததாயினும், யாராவது கொடுத்ததாயினும் வேண்டாம். கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. கடையில் கடல் குதிரையைக் காட்டி விலை சொன்னால் அந்தக் கடையில் வேறு எதுவும் வாங்காமல் திரும்பிவிடுங்கள். பீங்கான் துண்டுகளும் செயற்கைக் கற்களும் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குடியேறப் போதுமானவை.

3. மீன் இல்லாமல் ஆறு வாரம்

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதை வாராந்தர நீர் மாற்றத்தால் கட்டுக்குள் வைக்கலாம். இந்தப் பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் ஒரு மீன்கூட வேண்டாம்.

தொடங்குவதற்குச் சந்தையில் வாங்கிய ஒரு பச்சை இறாலே போதும். தோலை உரித்து, பழைய நைலான் காலுறையில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அழுகி அம்மோனியா ஏறும். வீட்டில் இரண்டு மூன்று நாள் வாடை இருக்கும், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். வாரம் இருமுறை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியத்துக்கு வந்த பிறகு, 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு அம்மோனியா சேர்த்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் இரண்டும் மறுபடி சுழியம் என்றால் தொட்டி தயார். பாதி நீரை மாற்றிவிட்டு மீன் வாங்க யோசிக்கலாம்.

"டாம்செல் விடுங்கள், அது எதையும் தாங்கும், தொட்டி தானாகப் பழகிவிடும்" என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். ஆறு வாரம் ஓர் உயிரை நஞ்சில் நிறுத்துவது சரியில்லை என்பது முதல் காரணம். தப்பிப் பிழைத்தால் அந்த டாம்செல் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு, பின்னால் வரும் ஒவ்வொரு மீனையும் துரத்தும் என்பது இரண்டாவது காரணம்.

4. ஏன் இரண்டு, ஏன் ஒவ்வொன்றாக

கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மீன் என்பதன்று. தொட்டியின் சுமை ஒரே நாளில் எத்தனை மடங்கு ஏறுகிறது என்பதுதான்.

பாக்டீரியாக் கூட்டம் கிடைக்கும் உணவின் அளவுக்குத்தான் இருக்கும். இரண்டு மீன் இருக்கும் தொட்டியில் இரண்டு மீனுக்கான பாக்டீரியாதான் இருக்கும், ஏழு மீனுக்கானது முன்கூட்டியே வந்து காத்திருக்காது. தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவைப்போல வேகமாகப் பெருகும் இனமும் அல்ல இவை. ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள்கூட ஆகும். நைட்ரைட்டைத் தின்னும் இனம் இன்னும் மெதுவானது. இரண்டு மீன் இருக்கும் தொட்டியில் மூன்றாவது ஒன்றை விட்டால் சுமை ஒன்றரை மடங்கு, சில நாளில் ஈடுகொடுத்துவிடும். இரண்டோடு ஐந்து சேர்த்தால் மூன்றரை மடங்கு. இடைப்பட்ட நாள்களில் மிஞ்சும் அம்மோனியா முழுவதும் மீனின் செவுளுக்குத்தான் போகும்.

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். குளத்து மீன் ஆறேழு ஒரே நாளில் விட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும். கடல்நீரில் இரண்டு காரணங்கள் கூடுதலாகச் சேர்கின்றன. ஒன்று பி.எச்., அதாவது நீரின் அமில-காரத் தன்மையின் அளவு. பி.எச். 7 உள்ள நீரில் அம்மோனியாவின் மிகச் சிறு பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை. அங்கே அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் மேல். நீர் சூடாக இருந்தால் இன்னும் கூடும். இரண்டாவது பிராணவாயு. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிராணவாயுவைக் கொள்ளும், கடல்நீர் 7-க்கும் குறைவாகத்தான் கொள்ளும். நாகர்கோவில் வீட்டில் கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதிலும் குறையும். செவுள் அம்மோனியாவால் எரிந்த மீனுக்கு இந்தக் குறைந்த பிராணவாயுவையும் சரியாக இழுக்க முடியாது. என் குரோமிஸ்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறந்ததன் பொருள் இதுதான்.

இந்த விதிக்குச் சில விலக்குகள் உண்டு. கோமாளி ஜோடியைப் பிரித்து விடாதீர்கள், இரண்டும் ஒரே நாளில் போகட்டும். பிரித்தால் முன்னால் போனது பின்னால் வருவதை அடிக்கும். குரோமிஸ் கூட்டமாக வாழும் மீன் என்று சொல்லி மூன்று, ஐந்து என்று தலையில் கட்டுவார்கள். நான்கடித் தொட்டியில் அவை ஒன்றையொன்று கடித்துக் கடைசியில் ஒன்றிரண்டாகத்தான் மிஞ்சும். அந்த மீனையே தவிர்ப்பது என் முடிவு.

5. வாங்கும்போது: பில், கேள்விகள், காலம்

நம் மாவட்டத்தவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, திருவனந்தபுரம் பக்கம் நேரில் போய் வாங்குவது. இரண்டரை மணி நேரத்தில் மீன் வீட்டுக்கு வந்துவிடும், பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் முடியும். இன்னொன்று, சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களிலிருந்து ரயிலில் வரவழைப்பது. மூட்டை கட்டியதிலிருந்து நம் கைக்கு வரும்வரை மீன் பையில் இருப்பது குறைந்தது பதினாறு மணி நேரம். முடிந்தால் முதல் வழியையே தேர்ந்தெடுங்கள்.

பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். கோமாளி மீனை அடைப்பில் வளர்த்துப் பெருக்கும் முறை நம் நாட்டில் நன்றாக நிலைபெற்றுவிட்டது. நமக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அந்த வேலைக்குப் பெயர்பெற்றது. பண்ணை மீன் தொட்டியில் பிறந்து, குருணைத் தீனி தின்று வளர்ந்தது. கடலில் பிடித்த மீனுக்கு நாம் போடுவது தீனி என்றே முதலில் தெரியாது. கரமடி வலையில் சிக்கிய வண்ண மீனைத் தருகிறேன் என்று கரையில் யாராவது அன்போடு சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். வலையில் செதில் உரிந்த மீன் வீட்டுத் தொட்டியில் ஒரு வாரம் தாங்குவதே அரிது.

பணம் கட்டுவதற்கு முன்பே இவற்றைக் கேளுங்கள். மீன் கடைக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது? பத்து நாளுக்குக் குறைவு என்றால் காத்திருங்கள். தீனி எடுக்கிறதா? எடுப்பதை வீடியோவாக அனுப்பச் சொல்லுங்கள். கடை நீரின் ஒப்படர்த்தி எவ்வளவு? சில கடைகள் நோயை அடக்கவும் உப்பை மிச்சப்படுத்தவும் 1.018 அளவிலேயே வைத்திருக்கும். அது தெரியாமல் உங்கள் 1.025-இல் விட்டால் மீனுக்குப் பேரதிர்ச்சி. செத்து வந்தால் என்ன செய்வார்கள், எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எனக்குக் கைகொடுக்கவில்லை. பை பிரிக்கப்படாத நிலையில் எடுத்த படம் வேண்டும் என்று நான் பையைப் பிரித்த பிறகுதான் சொன்னார்கள்.

பில்லில் "வண்ண மீன் 7" என்று மொத்தமாக எழுதினால் ஏற்காதீர்கள். இனப்பெயர், எண்ணிக்கை, பண்ணை மீனா கடல் மீனா என்பது, தேதி ஆகியவை இருக்க வேண்டும். பார்சல் ரசீதையும் இந்தப் பில்லையும் ஒரே உறையில் போட்டுத் தொட்டி இருக்கும் இடத்திலேயே வைத்திருங்கள். பின்னால் யாருக்காவது மீனைக் கொடுக்க நேர்ந்தாலும், எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டாலும் அந்த உறைதான் பேசும்.

காலத்தைப் பொறுத்தவரை, சித்திரை வைகாசி வெயிலில் பார்சல் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரயில் தாமதமாகும். தை, மாசி மிக நல்லது. சனிக்கிழமை காலையில் கைக்கு வருமாறு திட்டமிடுங்கள். அடுத்த இரண்டு நாளும் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

இனி அந்த 650 ரூபாய். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அரிதாகவேனும் இருக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் வரவழைத்து ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டால் ஆளுக்கு 220 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இப்போது நான் இப்படித்தான் வாங்குகிறேன். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த வழி இருக்கிறது.

6. காத்திருப்புத் தொட்டி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு வெறும் தொட்டி, ஏறக்குறைய 50 லிட்டர் கொள்ளும். எனக்கு 1,800 ரூபாய் ஆனது. ஸ்பாஞ்சு வடிகட்டியும் காற்றுப் பம்பும் 600. ஒளிந்துகொள்ளக் குழாய்க் கடையில் வாங்கிய பி.வி.சி. வளைவுகள் இரண்டு. மணலும் கல்லும் வேண்டாம்.

பார்சலில் ஒரு கோமாளி ஜோடியும் ஓர் உளுவையுமாக மூன்று மீன் வந்தால் மூன்றும் முதலில் இங்கேதான். நான்கு வாரம் இருக்கட்டும். வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனை விட்டு விழுந்து, தரையில் கூடு கட்டி, மறுபடி நூற்றுக்கணக்கில் வெளிவந்து மீனைப் பிடிக்கும். அதனால் முதல் வாரத்தில் மீன் சுத்தமாகத் தெரிவதை நம்ப முடியாது. நான்கு வாரமும் நன்றாக இருந்தால் கோமாளி ஜோடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். உளுவை இன்னும் மூன்று வாரம் இங்கேயே இருக்கட்டும், பிறகு மாற்றலாம். பார்சல் ஒன்று, செலவு ஒன்று, ஆனால் பெரிய தொட்டிக்குச் சுமை தவணையாகத்தான் போகிறது.

இதில் மூன்று எச்சரிக்கைகள். காத்திருப்புத் தொட்டிக்கும் பாக்டீரியா வேண்டும். ஆகவே பெரிய தொட்டியின் வடிகட்டிப் பெட்டியில் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்சை எப்போதும் ஊறப்போட்டு வைத்து, பார்சல் வரும் நாளில் அதை எடுத்து இங்கே மாட்டுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டிக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது, நோயும் கூடவே போகும். இரண்டாவது, மீன் இங்கே இருக்கும் நான்கு வாரமும் பெரிய தொட்டி பட்டினி கிடந்தால் அங்கே வளர்த்த பாக்டீரியா குறைந்துவிடும். வாரம் இருமுறை ஒரு சிட்டிகை தீனியை அங்கே போட்டுவாருங்கள். மூன்றாவது, செம்பு கலந்த மருந்து கொடுக்க நேர்ந்தால் இங்கே மட்டும், அளவுச் சோதனையோடு. பெரிய தொட்டியில் செம்பு ஊற்றினால் அங்குள்ள இறால், நத்தை எல்லாம் இறந்துபோகும், கல்லிலும் செம்பு ஒட்டிக்கொள்ளும். வலை, வாளி, குழாய் எல்லாம் இரண்டுக்கும் தனித்தனியாக வைத்திருங்கள்.

7. பை பிரிக்கும் நாள்

இங்கேதான் நான் நல்லெண்ணத்தோடு பெரிய பிழை செய்தேன். பையைத் திறந்து, சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் தொட்டி நீரைக் கலந்தேன். மெதுவாகப் பழக்கினால் நல்லது என்று நினைத்திருந்தேன்.

பதினாறு மணி நேரம் மூடிய பையில் மீன் மூச்சுவிட்டதால் அந்த நீரில் கரியமில வாயு நிறைந்து பி.எச். கீழே இறங்கியிருக்கும். அதே நீரில் அம்மோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் பி.எச். குறைவாக இருப்பதால் பெரும்பகுதி நஞ்சற்ற வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாக மாறுகிறது. நான் அந்த நீரில் மீனை இரண்டு மணி நேரம் வைத்திருந்தேன்.

ரயிலில் வந்த மீனுக்குச் சரியான முறை இது. கடை சொன்ன ஒப்படர்த்திக்கே காத்திருப்புத் தொட்டியின் நீரை முதல் நாளே சரிசெய்து வைத்துவிடுங்கள். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள், வெப்பம் சமமாகும். திறந்ததும் ஒப்படர்த்தியை ஒருமுறை பார்த்து, பொருந்தினால் உடனே மீனை மட்டும் கையாலோ சிறு கிண்ணத்தாலோ எடுத்து விடுங்கள். பை நீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. அடுத்த வாரத்தில் நாளுக்குச் சிறிதளவாக உப்பை உங்கள் அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரப் பயணத்தில் வந்த மீனுக்கு அரை மணி நேரம் சொட்டு முறை தவறில்லை.

அன்று முழுவதும் விளக்கு வேண்டாம். தீனி மறுநாள், அதுவும் சிறிதளவு.

8. முதல் பத்து நாள்

மீன் பெரிய தொட்டிக்குப் போன நாளிலிருந்து 1, 3, 5, 7, 10 ஆகிய நாள்களில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதியுங்கள். மூன்று சோதனைப் பெட்டிகளுக்கு 2,800 ரூபாய் ஆனது. அந்தத் தொகை எனக்கு அதிகமாகத் தெரிந்ததால்தான் முதல் முறை வாங்காமல் விட்டேன். அம்மோனியா 0.25 காட்டினால் அன்று தீனியை நிறுத்துங்கள். 0.5 என்றால் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். அதற்காகவே 60 லிட்டர் கடல்நீர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். மீன் மூச்சிரைக்கும் நேரத்தில் முட்டத்துக்குக் கேனோடு ஓட முடியாது.

மின்தடையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2017-இல் ஒக்கிப் புயலின்போது நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அவ்வளவு வேண்டாம், நாலு மணி நேரம் போதும். பம்பு நின்றதும் மீன்கள் எத்தனையோ அத்தனை வேகமாகப் பிராணவாயு தீரும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று 550 ரூபாய். மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வையுங்கள்.

9. அடுத்த மீன் எப்போது

நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று வாரம் ஆகியிருக்க வேண்டும், கடைசி இரண்டு வாரச் சோதனைகளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும், இருக்கும் மீன்கள் எல்லாம் தீனிக்கு முன்னால் வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

வரிசையும் முக்கியம். சாதுவான மீன் முதலில், எல்லை பிடிக்கும் மீன் கடைசியில். கோமாளி ஜோடிகூடக் காலப்போக்கில் தன் மூலையைக் காக்கத் தொடங்கும். காத்திருப்புத் தொட்டியைப் பற்றிச் சொன்னபோது ஜோடியை முதலில் மாற்றச் சொன்னேன், ஆனால் முடிந்தால் உளுவையை முதலில் விட்டு, அடுத்து ஜோடியை விடுவது இன்னும் நல்லது. புதிய மீன் வரும் நாளில் இரண்டு மூன்று கற்களை இடம் மாற்றி வைத்தால் பழைய மீன்களுக்கும் இடம் புதிதாகிவிடும், சண்டை குறையும்.

என் தொட்டியின் கணக்கைச் சொல்கிறேன். நோய்க்குப் பிறகு எஞ்சிய இரண்டையும் காத்திருப்புத் தொட்டிக்கு மாற்றி, பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் வைத்தேன், ஒட்டுண்ணி இரையில்லாமல் அழியட்டும் என்று. டாம்செலைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். ஆவணியில் ஓர் உளுவை. புரட்டாசியில் பழைய கோமாளியும், காத்திருப்புத் தொட்டியிலேயே அதனோடு பழகவிட்ட சிறிய பண்ணைக் கோமாளி ஒன்றும். கார்த்திகையில் வர வேண்டிய நான்காவது மீனை மழையால் தள்ளிப்போட்டுத் தையில் வாங்கினேன், விரலளவு பிளென்னி ஒன்று. அது இப்போது கல் இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டி, தீனி டப்பா திறக்கும் ஓசைக்குக் காத்திருக்கிறது. நாலு மீன், 26 சென்டிமீட்டர். காத்திருப்புத் தொட்டியைக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிட்டேன்.